பின்னத்துக்குள் பின்னம்

நெய்வேலிக்காரங்களுக்குப் பொருத்தமான ஒரு கணக்கோடு ஆரம்பிக்கிறேன். சுரங்கத்திலிருந்து வந்த பழுப்பு நிலக்கரி 100 கிலோ இருக்கிறது. அதில் 50 சதவீதம் தண்ணீர். நாலு நாள் காய்ந்ததில் ஈரம் 40 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இப்போது அதன் எடை எவ்வளவு?

நான் கேட்டவர்களில் அநேகம் பேர் யோசிக்காமல் 90 கிலோ என்றார்கள். ஈரம் பத்து சதவீதம் குறைஞ்சா எடையும் பத்துக் கிலோதானே குறையணும்? இல்லை. விடை 83⅓ கிலோ. கிட்டத்தட்ட 17 கிலோ தண்ணீர் போயிருக்கு.

காயும்போது போவது தண்ணீர் மட்டும்தான். தண்ணீர் அல்லாத 50 கிலோ அப்படியே இருக்கிறது. முன்னால் அது மொத்தத்தில் பாதி. இப்போது ஈரம் 40 சதவீதம் என்றால், அந்த 50 கிலோதான் மீதி 60 சதவீதம். எதில் 60 சதவீதம் எடுத்தால் 50 வரும்? 83⅓-ல். அவ்வளவுதான்.

இது சும்மா விளையாட்டுக் கணக்கு இல்லை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர்தான். அனல்மின் நிலையக் கொதிகலனுக்குள் போகும் கரி, தன் சூட்டில் ஒரு பங்கைத் தன்னிடமுள்ள தண்ணீரை ஆவியாக்கவே செலவழித்தாக வேண்டும். 1956-ல் நிறுவனம் தொடங்கி, 1962-ல் முதல் மின் அலகு ஓட ஆரம்பித்த காலத்திலிருந்து இந்த ஊரில் ஈரக் கணக்கு இல்லாத நாள் கிடையாது.

மேலே சொன்னதைச் சூத்திரமாக எழுதினால் இப்படி வரும்:

புதிய எடை / பழைய எடை = (1 − 1/2) / (1 − 2/5)

இன்றைய விஷயம் இந்த உருவம்தான். ஒரு பெரிய பின்னம். அதன் மேலேயும் ஒரு குட்டிப் பின்னம், கீழேயும் ஒரு குட்டிப் பின்னம். நான் இதை அடுக்குப் பின்னம் என்று சொல்லிக்கொள்வேன். அடுக்குமாடி மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருப்பதால்.

ஒரு விடைத்தாள்

போன மாதம் அக்கா பொண்ணு வீட்டுக்கு வந்திருந்தாள். பத்தாம் வகுப்பு. வந்ததும் வராததுமாக, "மாமா, பதினொண்ணாவதுல எனக்கு மேத்ஸ் குரூப் வேணாம். காமர்ஸ் எடுத்துக்கறேன்" என்றாள். காமர்ஸ் எடுப்பதில் ஒரு தப்பும் இல்லை. ஏன்னு கேட்டேன். பையிலிருந்து ஒரு தேர்வுத்தாளை எடுத்து நீட்டினாள். விகிதமுறு கோவைகள் பாடம். பக்கம் முழுக்கச் சிவப்பு மை.

ஆசைப்பட்டுக் காமர்ஸ் எடுத்தால் சரி. பின்னத்துக்குப் பயந்துகிட்டு எடுக்கக் கூடாது. அதனால் உட்கார்ந்து தாளைப் பார்த்தோம். இரண்டே இரண்டு தப்புகள்தான் திரும்பத் திரும்ப வந்திருந்தன.

முதல் தப்பு. கணக்கு: (1/2 + 1/3) / (1/4 + 1/5). அவள் எழுதிய விடை: 5/9.

இரண்டாவது தப்பு. கணக்கு: (1 + 1/ம) / (1 − 1/ம). தாளில் எக்ஸ் என்று இருந்ததை இங்கே ம என்று எழுதுகிறேன். மேலேயும் கீழேயும் ம-வால் பெருக்கி (1 + 1) / (1 − 1) என்று எழுதி, கீழே பூஜ்யம் வந்ததால் "விடை இல்லை" என்று முடித்துவிட்டாள்.

வேடிக்கை என்னன்னா, இரண்டிலும் அவளுக்கு முறை தெரிந்திருக்கிறது. எதனால் பெருக்கணும் என்பதுகூடத் தெரிந்திருக்கிறது. ஏன் பெருக்குகிறோம் என்பது மட்டும் தெரியவில்லை.

முறை என்ன?

கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. அடுக்குப் பின்னத்தில் ஒரு பெரிய கோடும் பல சின்னக் கோடுகளும் இருக்கும். செய்ய வேண்டியது மூன்றுதான்.

1. சின்னக் கோடுகளுக்குக் கீழே இருக்கிற எல்லாப் பகுதிகளையும் பட்டியல் போடு. பெரிய கோட்டுக்கு மேலே இருப்பவை, கீழே இருப்பவை, எதையும் விடாதே.

2. அந்தப் பட்டியல் முழுவதற்கும் சேர்த்து ஒரே மீ.பொ.ம, அதாவது மீச்சிறு பொது மடங்கு, எடு. இதுதான் பொதுப் பகுதி.

3. பெரிய கோட்டின் மேலேயும் கீழேயும் உள்ள ஒவ்வொரு உறுப்பையும் அதால் பெருக்கு.

ஈரக் கணக்கில் சின்னப் பகுதிகள் 2, 5. மீ.பொ.ம 10. மேலே 1 × 10 − 1/2 × 10 = 10 − 5 = 5. கீழே 1 × 10 − 2/5 × 10 = 10 − 4 = 6. விடை 5/6. 100 கிலோவில் ஆறில் ஐந்து பங்கு, 83⅓ கிலோ. ஒரே பெருக்கலில் சின்னக் கோடுகள் எல்லாம் காணாமல் போய்விட்டன.

இப்படிப் பெருக்க அனுமதி உண்டா? உண்டு. மேலேயும் கீழேயும் அதே 10-ஆல் பெருக்குவது 10/10-ஆல், அதாவது 1-ஆல் பெருக்குவதுதான். 1-ஆல் பெருக்கினால் மதிப்பு மாறாது.

அக்கா பொண்ணின் முதல் தப்பு இங்கேதான் வந்தது. மேலே 2, 3 இருப்பதைப் பார்த்து 6-ஆல் பெருக்கினாள்: 3 + 2 = 5. கீழே 4, 5 இருப்பதைப் பார்த்து 20-ஆல் பெருக்கினாள்: 5 + 4 = 9. மேலே 6, கீழே 20. அது 1 இல்லையே! மேலே இருப்பதைச் சாணால் அளந்து, கீழே இருப்பதை முழத்தால் அளந்து, அளவைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்ட கதை. நாலுக்கும் சேர்த்து மீ.பொ.ம 60. மேலே 30 + 20 = 50. கீழே 15 + 12 = 27. விடை 50/27.

இரண்டாவது தப்பு, தனியாக நிற்கிற 1-ஐப் பெருக்காமல் விட்டது. அதன் கீழே பகுதி எதுவும் கண்ணுக்குத் தெரியாததால் அதற்குப் பெருக்கல் வேண்டாம் என்று நினைத்துவிட்டாள். ஒவ்வொரு உறுப்பையும் பெருக்கினால் (ம + 1) / (ம − 1). ம = 2 என்று போட்டுப் பாருங்கள். முதலில் இருந்தது 1½ ÷ ½ = 3. சுருக்கியது 3/1 = 3. சரியாக இருக்கிறது.

தாத்தாவின் முந்திரி

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை அப்பா ஈஸி சேரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இதுக்கா இவ்ளோ நேரம்? எங்க காலத்துல எல்லாத்தையும் முந்திரியாக்கிடுவாங்க" என்றார்.

"முந்திரியா? பண்ருட்டி முந்திரியா தாத்தா?" என்று அவள் சிரித்தாள்.

அந்த முந்திரி இல்லை. பழைய தமிழ்க் கணக்கில் முந்திரி என்றால் 320-ல் ஒன்று. அன்றாடக் கணக்குக்கு அதுதான் அடிப்படைத் துண்டு. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி (1/160). நாலு முந்திரி ஒரு காணி (1/80). 16 முந்திரி ஒரு மா (1/20). 20 முந்திரி ஒரு மாகாணி (1/16), இதையே வீசம் என்றும் சொல்வார்கள். 40 முந்திரி அரைக்கால். 80 கால். 160 அரை. 240 முக்கால். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடி பார்த்து இதையெல்லாம் மனப்பாடம் செய்தார்கள். கணக்கதிகாரம் மாதிரியான நூல்கள் நிலம், நெல், பொன் கணக்கெல்லாம் இந்தப் பெயர்களில்தான் போடுகின்றன.

இப்போது ஒரு கேள்வி. ஒரு மாவும் ஒரு மாகாணியும் சேர்ந்த நிலத்தில் மாகாணி எத்தனை பங்கு? இன்றைய எழுத்தில் இது (1/16) / (1/20 + 1/16). பார்க்கப் பயமாக இருக்கும். முந்திரியில் சொன்னால் 20-ஐ 36-ஆல் வகுக்கணும். அதாவது 5/9. முடிந்தது. மேலேயும் கீழேயும் 320-ஆல் பெருக்கிய வேலையை அந்தப் பெயர்களே செய்துவிட்டன.

பொதுப் பகுதி என்பது இதைத் தவிர வேறு எதுவும் இல்லை. எல்லாத் துண்டுகளையும் மிச்சமில்லாமல் அளக்கிற மாதிரி ஒரே ஒரு அளவைத் தேடுகிறோம். அது கிடைத்த பிறகு பின்னம் என்று ஒன்று இல்லை, எண்ணிக்கை மட்டும்தான்.

அப்படியானால் எல்லாக் கணக்குக்கும் 320 போதுமே? போதாது. 320 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் பெருக்கி வந்தது. அதில் 3 இல்லை. அதனால் மூன்றில் ஒரு பங்கை முந்திரியால் மிச்சமில்லாமல் அளக்க முடியாது. முந்திரியை மறுபடி 320 துண்டாக்கினால் கீழ்முந்திரி, 1,02,400-ல் ஒன்று. அதிலும் 3 வராது. கீழ்முந்திரியில் 21-ல் ஒன்றுதான் இம்மி. 21-க்குள் 3-ம் 7-ம் இருப்பதால் மூன்றில் ஒரு பங்கும் ஏழில் ஒரு பங்கும் அந்த அளவில் முழு எண்ணிக்கையாகிவிடும். 'இம்மியளவும் பிசகாமல்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த இம்மி இதுதான்.

இயற்கணிதத்தில் நிலைமை இன்னும் மோசம். பகுதியில் ம என்று இருந்தால் அது எந்த எண் என்றே தெரியாது. அதனால் ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு முந்திரியை முன்கூட்டியே செய்து வைக்க முடியாது. ஒவ்வொரு கணக்குக்கும் அதற்கான முந்திரியை நாமே செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்கிற வழிதான் மீ.பொ.ம.

இரண்டு மோட்டார்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் பலத்த அழுத்தத்தோடு இருக்கிறது. அது சுரங்கத்தின் தரையை உடைத்துக்கொண்டு மேலே வந்துவிடாமல் இருக்க, ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து இரவு பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது போக மழைத் தண்ணீர் வேறு. மோட்டார் கணக்குக்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

ஒரு பள்ளத்தில் தேங்கிய மழைத் தண்ணீரை ஒரு மோட்டார் ம மணி நேரத்தில் இறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றுக்கு ந மணி நேரம் ஆகும். இரண்டையும் சேர்த்துப் போட்டால்? ஒரு மணி நேரத்தில் முதலாவது 1/ம பங்கு, இரண்டாவது 1/ந பங்கு. ஆக மொத்த நேரம்:

1 / (1/ம + 1/ந)

சின்னப் பகுதிகள் ம, ந. பொதுப் பகுதி மந. மேலேயும் கீழேயும் பெருக்கினால்:

மந / (ந + ம)

ஒன்றுக்கு 6 மணி, இன்னொன்றுக்கு 9 மணி என்றால் 54/15 = 3.6 மணி நேரம். 3 மணி 36 நிமிடம்.

எதோடு ஒப்பிட்டு ஈரம்?

இன்னொரு உதாரணம், ஈரத்திலிருந்தே. நிலக்கரியைப் பரிசோதிக்கும்போது ஈரத்தை வழக்கமாக மொத்த எடையோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். மண் பரிசோதனையில் தண்ணீரை உலர்ந்த மண்ணின் எடையோடு ஒப்பிடுவார்கள். 50 கிலோ தண்ணீர், 50 கிலோ மற்ற பொருள் என்றால் முதல் கணக்கில் ஈரம் 50 சதவீதம், இரண்டாவது கணக்கில் 100 சதவீதம். அதே கட்டி, அதே தண்ணீர். எந்தக் கணக்கு என்று கேட்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் இரட்டிப்பாகப் புரிந்துகொள்வார். மண்ணை அகற்றிக் கரியை எடுக்கிற ஊரில் இரண்டு கணக்கும் வேண்டியிருக்கும்.

உலர் கணக்கு ஈரத்தை வ என்போம். உலர்ந்த பொருள் 1 கிலோ என்றால் தண்ணீர் வ கிலோ, மொத்தம் 1 + வ கிலோ. ஆக மொத்தக் கணக்கு ஈரம் த = வ / (1 + வ). திரும்பிப் போக வேண்டுமானால் வ = த / (1 − த). இரண்டாவது சூத்திரம் சரியா என்று எப்படிப் பார்ப்பது? த இருக்கும் இடத்தில் முதல் சூத்திரத்தைப் போடலாம்:

[வ / (1 + வ)] / [1 − வ / (1 + வ)]

அடுக்குப் பின்னம் வந்துவிட்டது. சின்னப் பகுதி 1 + வ மட்டும்தான். மேலேயும் கீழேயும் அதால் பெருக்கினால், மேலே வ. கீழே 1 + வ − வ, அதாவது 1. விடை வ. போன வழியே வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டோம். இங்கேயும் தனியாக நின்ற 1-ஐப் பெருக்க மறந்திருந்தால் வழி தவறியிருப்போம்.

சுருக்கும்போது தொலைவது

கடைசியாக, பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்று. இந்தக் கணக்கைப் பாருங்கள்:

(1/ம − 1/ந) / (1/ம² − 1/ந²)

சின்னப் பகுதிகள் ம, ந, ம², ந². பொதுப் பகுதி ம²ந². பெருக்கினால் மேலே மந² − ம²ந = மந(ந − ம). கீழே ந² − ம² = (ந − ம)(ந + ம). இரண்டிலும் இருக்கிற (ந − ம)-ஐ அடித்துவிட்டால்:

மந / (ந + ம)

அட, இரண்டு மோட்டார் கணக்கின் விடை! ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இரண்டு மோட்டாரும் ஒரே திறன் என்றால் ம = ந. சுருக்கிய விடை ம/2 என்கிறது. இரண்டு சமமான மோட்டார் சேர்ந்தால் பாதி நேரம், நியாயம்தான். முதலில் இருந்த அடுக்குப் பின்னத்தில் ம = ந என்று போட்டால்? மேலே 0, கீழே 0. அதற்குப் பதிலே இல்லை.

"அப்போ எது மாமா சரி?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ம = ந என்கிற இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் முதல் கோவைக்கு அர்த்தம் உண்டோ, அங்கெல்லாம் இரண்டும் ஒன்றேதான். ம = ந என்கிற இடத்தில் சுருக்கியது பேசுகிறது, முதலில் இருந்தது பேசவில்லை. (ந − ம)-ஐ அடித்தபோது அது பூஜ்யம் இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டோம், தாளில் எழுதவில்லை. அதனால்தான் பாடப்புத்தகம் விலக்கப்பட்ட மதிப்பு என்று தனியாக ஒன்றைக் கேட்கிறது. அதைச் சுருக்குவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும். இந்தக் கணக்கில் ம, ந இரண்டும் பூஜ்யமாகக் கூடாது, ம = ந கூடாது, ம = −ந கூடாது.

ஈரக் கணக்கில் இது கண்ணுக்கே தெரியும். வ = த / (1 − த)-ல் த = 1 கூடாது. ஏன்? த = 1 என்றால் மொத்தமும் தண்ணீர், உலர்ந்த பொருளே இல்லை. இல்லாத ஒன்றோடு எதை ஒப்பிடுவது?

சரிபார்க்க ஒரு வழி

சுருக்கி முடித்ததும் ஓர் எண்ணை எடுத்து முதலில் இருந்ததிலும் விடையிலும் போட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் நிச்சயம் எங்கேயோ தப்பு. ஆனால் 0, 1 இரண்டையும் எடுக்காதீர்கள், ஏமாற்றிவிடும். (ம + 2) / (ம + 3)-ல் மேலேயும் கீழேயும் உள்ள ம-வை அடித்துவிட்டு 2/3 என்று எழுதுகிறவர்கள் உண்டு. கூட்டலில் இருப்பதை அப்படி அடிக்கக் கூடாது. பெருக்கலில் பொதுவாக இருப்பதை மட்டும்தான் அடிக்கலாம். ஆனால் ம = 0 என்று போட்டுப் பார்த்தால் 2/3-தான் வரும், தப்பு மறைந்துகொள்ளும். ம = 5 என்று போட்டால் 7/8. குட்டு வெளிப்பட்டுவிடும்.

கிளம்பும்போது அவளிடம் ஒரு கணக்கு கொடுத்து அனுப்பினேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்:

1 / (1 + 1 / (1 + 1/ம))

இதில் மூன்று மாடி. உள்ளே இருப்பதிலிருந்து ஆரம்பித்து வெளியே வாருங்கள். விலக்கப்பட்ட மதிப்புகளும் மூன்று.

இரண்டு நாள் கழித்துப் பதிலைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்: (ம + 1) / (2ம + 1). சரியான விடை. கீழேயே ம = 0, ம = −1, ம = −1/2 கூடாது என்று எழுதி, இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தாள். எந்த குரூப் எடுக்கப் போறேன்னு மட்டும் இன்னும் சொல்லலை. அது அவள் இஷ்டம்.